சமயபுரம் வரைக்கும் நடக்கிற நமக்கு சென்னை ஓட்டம் தூரமா?



மாரத்தான் என்ற வார்த்தையை இப்போது ஊர் ஊருக்குக் கேட்கிறோம். பள்ளிக்கூடத்தில் 3 கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான், விழிப்புணர்வுக்காக 5 கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான் என்றுதான் நோட்டீஸ் அடிக்கிறார்கள். உண்மையில் மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908-ல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தத் தூரம் ஓடப்பட்டது. 1921-ல் இதுவே உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு என்று முடிவானது. இதில் பாதி, அதாவது 21.1 கிலோமீட்டர், அரை மாரத்தான். 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் ஓட்டங்களையும் இவற்றோடு சேர்த்து ஒரே நாளில் நடத்துவார்கள். அதனால்தான் எல்லாவற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். பெரம்பலூரில் இருந்து சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலுக்குப் போய், அதற்கு அப்பாலும் கொஞ்சம் போனால் 10 கிலோமீட்டர். பாடாலூர் வரை போனால் ஏறத்தாழ அரை மாரத்தான். சமயபுரம் வரைக்கும் போனால் ஏறத்தாழ முழு மாரத்தான். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் புடவையில் பாதயாத்திரை போகிற நம் பெண்கள் பல பேர் இந்தத் தூரத்தைக் காலால் அளந்தவர்கள்தான். "நமக்கெல்லாம் எதுக்குங்க அது, படிச்சவங்க ஓடுறது" என்று சொல்லும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நடப்பது வேறு, ஓடுவது வேறு. பாதயாத்திரையில் உட்கார்ந்து, படுத்து, மோர் குடித்துப் போகலாம். ஓட்டத்தில் நேர வரம்பு உண்டு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. அதனால் முதல் முறை போகிறவர் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுப்பதுதான் சரி. அரை, முழு மாரத்தானை இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் ஓடக்கூடாது என்ற காலம்

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896-லேயே மாரத்தான் வைத்தார்கள். பெண்களுக்கு வைத்தது 1984-ல்தான். 88 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது! பெண் உடம்பு தாங்காது, கருப்பை இறங்கிவிடும் என்றெல்லாம் பயமுறுத்தினார்கள். 1967-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஓட்டத்தில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண், முழுப் பெயரை எழுதாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டு, 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினார். வழியில் ஓர் அதிகாரி ஓடி வந்து அந்த எண் அட்டையைப் பிய்த்து எறியப் பார்த்தார். அவர் நிற்கவில்லை, முழுத் தூரத்தையும் முடித்தார். அந்த ஓட்டத்தில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-ல். ஐம்பது வருடம் கழித்து, 2017-ல், 70 வயதில் அதே 261 எண்ணோடு அதே பாஸ்டனில் அவர் மறுபடியும் ஓடினார்.

நம் நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. மகாராஷ்டிராவில் பாராமதி பக்கம் லதா பகவான் கரே என்ற கூலி வேலை செய்யும் அம்மா, அறுபது வயதைத் தாண்டியவர். கணவரின் மருத்துவப் பரிசோதனைக்குப் பணம் இல்லை. 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஜெயித்தால் 5,000 ரூபாய் பரிசு என்று கேள்விப்பட்டு, மராத்திப் பெண்கள் கட்டுகிற ஒன்பது கஜப் புடவையில், வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார். 2020-ல் அவர் கதை படமாக வந்தது. அவரே அதில் நடித்தார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. இதைச் சொல்லும்போது எல்லோரும் கைதட்டுகிறோம். ஆனால் வெறுங்காலோடு ஓடியது அவருக்கு விருப்பமாக இருந்திருக்காது, வேறு வழி இல்லை. நாம் அப்படி ஓட வேண்டியதில்லை. தயார் செய்துகொண்டு போகலாம்.

முதல் வேலை: இரத்தப் பரிசோதனை

ஓட்டப் பயிற்சி என்றதும் எல்லோரும் ஷூவைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் குழுக் கூட்டத்தில் ஐந்து பேருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் களை எடுக்கிறோம், வெங்காய மூட்டை தூக்குகிறோம், நமக்கு என்ன குறை என்று தோன்றும். களைப்பு பழகிப்போனதால் அது நோய் என்றே நமக்குத் தெரிவதில்லை.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. 11-க்குக் கீழே இருந்தால் முதலில் சிகிச்சை, நடைப்பயிற்சி மட்டும் போதும். 8-க்குக் கீழே என்றால் அது கடுமையான இரத்தசோகை. ஓட்டப் பேச்சையே எடுக்காமல் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மூன்று நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டால்தான் அளவு ஏறும். அடுத்த வருட ஓட்டத்துக்குப் போனால் போகிறது, ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிறவர்களில் நம் குழுப் பெண்களும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தவர்கள், ஒரு ஈ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டிய பிறகுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

நாம் கூட்டத்தில் பேசாத ஒரு விஷயத்தையும் இங்கே எழுதுகிறேன். பிரசவம் ஆன பெண்கள் பலருக்கு ஓடும்போது, இருமும்போது சிறுநீர் கசியும். இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, நிறைய பேருக்கு உள்ளது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. (சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக்கூடாது.) இரண்டு மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும். கீழே ஏதோ இறங்கி வருவது போல, கனமாக இருப்பது போலத் தெரிந்தால் அது கருப்பை இறக்கமாக இருக்கலாம். பெண் டாக்டரிடம் காட்டாமல் ஓடாதீர்கள். ஓடுவதால் கருப்பை இறங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் சொன்னது பொய். ஆனால் ஏற்கெனவே இறங்கியிருக்கிறவர் கவனமாக இருக்க வேண்டும் என்பது உண்மை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான்கு மாதப் பயிற்சி

சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரி மாத முதல் வாரங்களில், ஞாயிற்றுக்கிழமையில் வரும். 'சென்னை ரன்னர்ஸ்' என்ற ஓட்டக்காரர்கள் அமைப்பு நடத்துவது. நமக்கு அது மார்கழி. ஆவணிக் கடைசியில் தொடங்கினால் நான்கு மாதம் கிடைக்கும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் ஓடினால்தான் பலன் என்பது தவறு. எலும்பும் தசையும் தேறுவது ஓய்வு நாளில்தான்.

முதல் மாதம் ஓடவே வேண்டாம், அரை மணி நேரம் வேகமாக நடங்கள். இரண்டாவது மாதம் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படிப் பத்துத் தடவை. மூன்றாவது மாதம் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீண்ட தூரம்: நான்கு கிலோமீட்டர், பிறகு ஐந்து, ஆறு என்று வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். டிசம்பர் மூன்றாவது வாரத்துக்குள் 8 கிலோமீட்டரை ஒரு தடவை முடித்துவிட்டால், 10 கிலோமீட்டர் அன்றைக்கு வந்துவிடும். கடைசி வாரம் பயிற்சியைக் குறைத்துவிட வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி விழித்துப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி கடைசி நேரத்தில் கூடுதலாக ஓடினால் கால்தான் கெடும்.

எந்த வேகத்தில் ஓடுவது? பக்கத்தில் ஓடுகிற தோழியிடம் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதற்குக் கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நமக்கு இதைவிட நல்ல முறை கிடையாது, ஏனென்றால் பேசுவதில் நம்மை யாரும் ஜெயிக்க முடியாது!

மக்காச்சோளம் உடைக்கப் போகிற நாள், பருத்தி எடுக்கிற நாள், நடவு நாள், இவற்றில் பயிற்சி வேண்டாம். அந்த வேலையே போதும்.

இடத்தைப் பற்றி: அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளிலும், பெரம்பலூரில் திருச்சி-சென்னை நெடுஞ்சாலையிலும் ஓடவே கூடாது. உயிரோடு விளையாடும் வேலை அது. ஏரிக்கரை, பள்ளி மைதானம், வண்டிப் பாதை நல்லவை. மாவட்ட விளையாட்டு அரங்கம் பக்கத்தில் இருந்தால் அங்கே போகலாம். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. அதுவும் உதவும். சாலையில்தான் ஆக வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர் நிற உடையில், மூன்று பேராகப் போங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். நின்றுவிட்டால் அதுவும் பெரும்பாலும் நின்றுவிடும்.

உடுப்பும் காலணியும்

விலை உயர்ந்த ஷூ தேவையில்லை, ஆனால் ஓடுவதற்கென்று உள்ள ஷூ தேவை. சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்று நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் ஓட்டத்துக்குச் சரி. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஓட்டத்தன்று புதுசைப் போடக்கூடாது, ஒரு மாதமாவது பழகியிருக்க வேண்டும். சுடிதாரில் ஓடலாம். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். புடவையில்தான் ஓடுவேன் என்கிறவர்கள் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, அதிலேயே பயிற்சியும் எடுங்கள். மார்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் விளையாட்டு உள்ளாடையை மட்டும் மிச்சம் பிடிக்காமல் வாங்கிவிடுங்கள். தொடை, அக்குள், உள்ளாடைப் பட்டி படும் இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் உராய்ந்து புண் ஆகாது.

பதிவும் பணமும்

பதிவு இணையத்தில்தான். மகளோ மகனோ செல்போனில் செய்து தருவார்கள், இல்லையென்றால் தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள். ஆதார் அட்டையில் உள்ளபடி பெயர், இரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் எண், பனியன் அளவு எல்லாம் கேட்பார்கள். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பி வராது. போக முடியவில்லை என்று உங்கள் எண்ணை நாத்தனாருக்கோ கொழுந்தியாளுக்கோ கொடுத்து ஓடச் சொல்லாதீர்கள். வழியில் மயங்கி விழுந்தால் டாக்டர்கள் உங்கள் பெயரையும் உங்கள் இரத்த வகையையும் வைத்துத்தான் வேலை பார்ப்பார்கள்.

பெரிய ஓட்டங்களில் 10 கிலோமீட்டருக்கே கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ வருகிறது. ஷூ, ரயில், தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு நாலாயிரம், ஐயாயிரம் ஆகலாம். இதற்கு உள்கடன் எடுப்பது சரியில்லை என்பது என் கருத்து. நாலைந்து பேர் சேர்ந்து, சந்தாவைப் போல வாரம் 100 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். "ஓடினா காசு தருவாங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். தர மாட்டார்கள். முடித்தவர்களுக்கு ஒரு பதக்கம் தருவார்கள், அவ்வளவுதான். உள்ளதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒளித்து வைத்துப் போனால் அடுத்த பயணத்துக்கும் அது தடையாகும்.

சென்னை போகும் வழி

பெரம்பலூர் மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. அதனால் ரயிலில் போகிறவர்கள் அரியலூர் வந்துதான் ஏற வேண்டும். பல்லவன், வைகை இரண்டும் பகல் வண்டிகள், அரியலூரில் நின்று எழும்பூர் போகின்றன. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே நவம்பர் தொடக்கத்திலேயே போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 58 வயதைத் தாண்டிய பெண்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெரம்பலூரில் இருந்து பஸ்ஸில் போகிறவர்கள், 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கி, அங்கிருந்து நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். பழைய நினைப்பில் கோயம்பேடு வரை போகும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை போய்விடுவது நல்லது, இல்லையென்றால் சனிக்கிழமை காலை வண்டியில். ஏனென்றால் எண் அட்டையை ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் நேரில் போய் வாங்க வேண்டும், ஓட்டத்தன்று காலையில் தர மாட்டார்கள். அடையாள அட்டை அசல் கையில் இருக்கட்டும். சனிக்கிழமை இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, விடிகாலையில் இறங்கி நேராக ஓடுவது என்ற நினைப்பே வேண்டாம்.

தங்க எழும்பூர்ப் பக்கம் வசதி. அரசின் 'தோழி' மகளிர் விடுதிகளில் சில நாள் தங்கவும் இடம் தருகிறார்கள். தாம்பரத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் தாம்பரத்தில் இருந்து விடிகாலையில் கிளம்புவது சிரமம். அண்மை ஆண்டுகளில் 10 கிலோமீட்டர் ஓட்டம் மெரினா அருகே நேப்பியர் பாலத்தில் தொடங்கி, தரமணியில் முடிந்திருக்கிறது. ஓட்டக்காரர்களுக்காக மெட்ரோ ரயிலை அதிகாலை 3 மணியில் இருந்தே விட்டிருக்கிறார்கள். எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் பாலம் நடக்கிற தூரம்தான். இடமும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடும், உங்களுக்கு வரும் செய்தியைப் படித்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும் இடமும் முடிகிற இடமும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்னாலேயே பேசி வையுங்கள்.

அந்தக் காலை

முந்தின இரவு பிரியாணி வேண்டாம், பழகிய இட்லியோ சாதமோ போதும். ஓட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி அல்லது இரண்டு வாழைப்பழம். மாதவிலக்கு வந்தாலும் ஓடலாம், தள்ளிப்போட மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல். எண் அட்டையை நெஞ்சுக்கு முன்னால் நான்கு ஊக்கு போட்டுக் குத்துங்கள், மடிக்காதீர்கள். நேரம் குறிக்கும் சில்லு அதில்தான் இருக்கும்.

2023 ஆகஸ்ட் 6-ல் சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 73,206 பேர் பதிவு செய்து கின்னஸ் சாதனை ஆனது. அதில் 21 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் பெண்கள், 1,063 பேர் திருநங்கை, திருநம்பியர். இந்த மாதிரிக் கூட்டத்தில் முதலில் நெரிசல் இருக்கும். பின்னால் நில்லுங்கள். மணி அடித்ததும் எல்லோரும் பாய்வார்கள், பாயட்டும். முதல் இரண்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறவர்தான் கடைசி இரண்டை நடக்காமல் முடிப்பார். களைத்தால் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். குடிக்காமல் இருப்பதும் ஆபத்து, பயந்துபோய் வைக்கிற இடமெல்லாம் வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரும். பாஸ்டனில் 2002-ல் ஓர் இளம்பெண் இப்படித்தான் இறந்தார். நெஞ்சு இறுக்கம், தாடை, கைக்கு வலி பரவுதல், காரணமில்லாத குமட்டல், கண் இருட்டல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று தொண்டரைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் வெறும் குமட்டலாக, அசதியாகத்தான் காட்டும்.

முடித்ததும் உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் குடியுங்கள். ஈர உடையை மாற்றுங்கள். தரமணியில் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, பூங்கா நகர் வந்து எழும்பூர் போகலாம். ஒன்றிரண்டு நாள் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும், படி இறங்கத்தான் கஷ்டமாக இருக்கும். அது தானாகப் போய்விடும். ஒரே இடத்தில் சுருக்கென்ற வலி ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். திங்கட்கிழமை களை எடுக்கப் போக வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.